நம்பிக்கை: 27 பைட்டு

வாசல் வழியே போனால் தமிழ் விக்கிப்பீடியா ஒரு நூலகம். அமைதி, வரிசை, அடிக்குறிப்புகள். பின்பக்கம் போய் எட்டிப் பாருங்கள். கல்யாண வீட்டுச் சமையல்கட்டு! ஒருவர் நறுக்குகிறார், ஒருவர் தாளிக்கிறார், இன்னொருவர் யாரோ தாளித்ததைக் கீழே கொட்டுகிறார். யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு, யார் வழியில் போனவர் என்று ஒன்றும் புரியாது. ஆனால் சாம்பாரில் உப்புப் போட்டது யார், எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி என்பது மட்டும் சுவரில் எழுதியிருக்கும்.

அந்தச் சுவருக்குப் பெயர் 'அண்மைய மாற்றங்கள்'. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கணக்குகூட வேண்டாம். ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குச் சும்மா எட்டிப் பார்ப்போமே என்று திறந்தேன். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஒவ்வொரு திருத்தமும் ஒரு வரி. நேரம், பக்கத்தின் பெயர், செய்தவர் பெயர், பக்கத்தில் ஓர் எண். சேர்த்திருந்தால் பச்சையில் கூட்டல், வெட்டியிருந்தால் சிவப்பில் கழித்தல். அந்த எண் எழுத்துகளின் எண்ணிக்கை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பைட்டுக் கணக்கு. இங்கேதான் வேடிக்கை! ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கு மூன்று. 'க' மூன்று, 'கி' என்றால் கொக்கிக்குத் தனியாக இன்னொரு மூன்று, புள்ளி வைத்தாலும் மூன்று. ஆங்கிலத்தில் 'டிரஸ்ட்' ஐந்தே பைட்டில் முடிந்துவிடும். 'நம்பிக்கை' என்று தமிழில் எழுதிப் பாருங்கள்: 27 பைட்டு. யாராவது ஒரு கட்டுரையிலிருந்து நம்பிக்கையை எடுத்துவிட்டால் சுவரில் சிவப்பாக −27 என்று விழும். இதைக் கண்டுபிடித்த அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் அசரவில்லை.

என் கன்னித் திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் 'உலகப் புகழ்பெற்ற' என்று சேர்த்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். எங்கள் ஊரை அவமானப்படுத்தியவர் யார் என்று கொதித்துப்போய் 'வரலாறு' பொத்தானை அழுத்தினேன். ஒரு பயனர் பெயர். அதற்குப் பக்கத்தில் இரண்டே வார்த்தை: 'சான்று இல்லை'. சண்டைக்குப் போகலாமென்று சான்று தேடினேன். எங்கள் தேரைப் பற்றிப் பக்கத்து ஊர்க்காரர்கூட எழுதியிருக்கவில்லை.

இந்தச் சமையல்கட்டு திறந்ததே ஒரு தோல்வியில்தான். 2000-இல் ஜிம்மி வேல்ஸ் தொடங்கிய நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் நிபுணர்கள்தான் எழுதலாம். ஒரு கட்டுரை ஏழு கட்டச் சோதனை தாண்டவேண்டும். முதல் வருடத்தில் தேறியவை சில டஜன்கூட இல்லை. 2001 ஜனவரி 15 அன்று அவரும் நூபீடியாவின் ஆசிரியர் லாரி சாங்கரும் பக்கத்திலேயே, 'யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்று விக்கிப்பீடியா என்ற இன்னொரு கடையைத் திறந்தார்கள். அந்தக் கடை ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகளைக் குவித்தது. 'விக்கி' என்ற பெயரே விமான நிலையத்திலிருந்து வந்தது: ஹொனலுலுவில் முனையத்துக்கு முனையம் ஓடும் 'விக்கி விக்கி' பேருந்து. ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று பொருள்.

தமிழ்க் கடை 2003 செப்டம்பரில் திறந்தது. அந்த வருடமே வந்து சேர்ந்தவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், தொழில் கட்டடக்கலை, வேலை வளைகுடாவில். பகலில் கட்டடம், இரவில் கலைக்களஞ்சியம். தனியொருவராக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கினார். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. நாவலுக்கும் கவிதைக்கும் இடையே கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு ஒரு பெரிய இலக்கிய விருது! 2017-இல் மொத்தக் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

சரி, இவர்கள் கூடிப் பேசும் இடத்துக்குப் போவோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் பொது உரையாடல் பக்கத்துக்குப் பெயர் 'கிராமத்துக் குழாயடி'. அப்படியே தமிழில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'குழாயடி' என்று வாய் திறந்தாலே 'சண்டை' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நல்லவேளை, நம் ஆட்கள் 'ஆலமரத்தடி' என்று வைத்தார்கள். யாழ்ப்பாணம், சேலம், டொரன்டோ, துபாய் என்று ஊருக்கொருவராக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிழலே இல்லாத ஒரு மரம். சோதனையாக எழுதிப் பார்க்கும் பக்கம் 'மணல்தொட்டி'. கணக்குத் தொடங்கியதும் உங்கள் பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' என்று வரவேற்புக் கிடக்கும்.

மரத்தடியில் சண்டையே இல்லையா என்றால், உண்டு, அழகான சண்டைகள் உண்டு. சென்னைக்காரருக்கு ஜெர்மனி, கொழும்புக்காரருக்கு ஜேர்மனி, கிரந்தம் கூடாது என்பவருக்குச் செருமனி. இங்கே கால்பந்து, அங்கே உதைபந்தாட்டம். இங்கே பப்பாளி, அங்கே பப்பாசி. இதில் எது தலைப்பு? பக்கம் பக்கமாக வாதம் ஓடியிருக்கிறது. தொல்காப்பியம்வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். நாட்டின் பக்கத்துக்குக் கடைசியில் 'செருமனி' நின்றது. ஆனால் தோற்றவர் வெளியேறிவிடாமலிருக்க ஒரு குட்டித் தந்திரம் வைத்திருக்கிறார்கள்: 'வழிமாற்று'. நீங்கள் உங்கள் ஊர் எழுத்தில் தேடினாலும் சத்தமில்லாமல் அதே பக்கத்தில் கொண்டுபோய் விடும். கூட்டுக் குடும்பத்தில் இரண்டு மருமகள்களுக்கும் சாவி கொடுத்த மாதிரி. முகம் பார்க்காமல் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகள் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு உருப்படியான யோசனை ஒன்றிலும் கேட்டதில்லை.

ஒத்துக்கொள்கிறேன் என்பதற்கு இங்கே ஒரு கட்டைவிரல் படம், பக்கத்தில் 'விருப்பம்' என்ற சொல். பார்த்த உடனே தெரிகிறதே, பேஸ்புக் வாடை! சமூக ஊடகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். எத்தனை விருப்பம் என்று எண்ணிக் காட்டும் கணக்கு கிடையாது. நிறையக் கட்டைவிரல் வாங்கியவர் எழுதியது மேலே மிதந்து வராது. போட்டவர் கையெழுத்து, நேரம், அவ்வளவுதான். 2013-இல் வந்த 'நன்றி' பொத்தானும் அப்படித்தான். ஒருவர் செய்த திருத்தத்துக்கு ஒரு சொடுக்கில் நன்றி போய்ச் சேரும், ஊருக்குத் தண்டோரா கிடையாது. நிர்வாகிகளுக்கான சின்னம் என்ன தெரியுமா? தரை துடைக்கும் துடைப்பான்! செங்கோலெல்லாம் இல்லை.

ஆனால் வெளியே கொதிக்கும் எண்ணெய் உள்ளே தெறிக்காமல் இருக்குமா? 2022 செப்டம்பர் 4, துபாய், ஆசியக் கோப்பை கிரிக்கெட். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியப் பந்துவீச்சாளர் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சைக் கோட்டைவிட்டார். இந்தியா தோற்றது. டுவிட்டரில் சீக்கியரான அவரைத் தனிநாடு கேட்கும் பிரிவினைவாதி என்று வசை. யாரோ அவருடைய விக்கிப்பீடியா பக்கத்திலும் நுழைந்து, இந்தியா என்றிருந்த இடங்களில் காலிஸ்தான் என்று மாற்றிவிட்டார். ஏறக்குறைய கால் மணி நேரத்தில் இன்னொரு தன்னார்வலர் பழையபடி ஆக்கினார். ஆனால் அந்தக் கால் மணிக்குள் எடுத்த திரைப்படங்கள் (சினிமா இல்லை, ஸ்கிரீன்ஷாட்) நாடெல்லாம் சுற்றின. மத்திய அரசு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தை அழைத்து விளக்கம் கேட்டது. பக்கம் திருந்திவிட்டது, படம் திருந்தவில்லை. பக்கத்துக்கு வரலாறு உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு எங்கே போய் வரலாற்றைப் பார்ப்பது?

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த கதை. சீன விக்கிப்பீடியாவில் ஜெமாவ் என்றொரு பயனர். ரஷ்யாவின் இடைக்கால வரலாற்றில் புலி. தூதரக அதிகாரியின் மகள், ரஷ்யாவில் படித்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பத்தாண்டுக்கும் மேலாக, இருநூறுக்கும் அதிகமான கட்டுரைகள். போர்கள், சிற்றரசர்கள், படையின் எண்ணிக்கை, பக்கத்துக்குப் பக்கம் ரஷ்யச் சான்றுகள். மற்றவர்கள் மலைத்தார்கள், நம்பினார்கள். அடிக்குறிப்பைத் திறந்து பார்க்க யாருக்கும் ரஷ்யமும் தெரியாது, நேரமும் இல்லை.

2022-இல் இஃபான் என்ற நாவலாசிரியர் கதைக்குக் கரு தேடிக்கொண்டிருந்தார். காஷின் என்ற இடத்து வெள்ளிச் சுரங்கம் கண்ணில் பட்டது. 1344-இல் விவசாயிகள் கண்டுபிடித்தது, நாற்பதாயிரம் பேர் வேலை செய்தது, மண்ணின் தன்மை இன்னது என்று அத்தனை நுணுக்கம். மனிதர் சொக்கிப்போய் மேலும் தோண்டினார். ரஷ்யம் தெரிந்தவர்களைக் கேட்டார். சான்று என்று காட்டிய பக்கங்கள் புத்தகத்திலேயே இல்லை. சுரங்கமும் இல்லை! ஜூஹூ என்ற சீனக் கேள்வி-பதில் தளத்தில் அவர் இதை எழுத, ஊரே திரண்டு அலசியது. ஜெமாவ் மன்னிப்புக் கேட்டார். அவர் ஓர் இல்லத்தரசி, பள்ளிப் படிப்போடு சரி. ரஷ்ய மொழியும் தெரியாது. மொழிபெயர்ப்புக் கருவியில் புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பத் தொடங்கி, ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று என்று ஒரு சாம்ராஜ்யமே எழும்பிவிட்டது. அவருக்கு ஆமாம் போட்ட சில கணக்குகளும் அவருடையவையே. விக்கிப்பீடியாக்காரர்கள் இதற்குக் 'கைப்பாவை' என்பார்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாதி பொறாமை. இந்தக் கற்பனையோடு நாவல் எழுதியிருக்கலாமே தாயே! ஆனால் அவர் எப்படித் தப்பினார் என்று பாருங்கள். திருத்தங்கள் எல்லாம் சுவரில்தான் இருந்தன, நேரத்தோடு, எண்ணோடு. சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்கள். 'தூதரக அதிகாரியின் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.' அங்கே விழுந்தது ஓட்டை. கண்டுபிடித்தவரோ வெளியாள், அவருக்கு ஜெமாவ் யாரென்றே தெரியாது, சுரங்கம் மட்டுமே வேண்டியிருந்தது.

2020 ஆகஸ்டில் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவிலும் கிட்டத்தட்ட இதே கூத்து. அமெரிக்கப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயதில் தொடங்கியவன், மொழியே தெரியாமல் இருபதாயிரத்துக்கும் மேல் கட்டுரைகள் எழுதிவைத்திருந்தான். ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் நெளித்தால் ஸ்காட்ஸ் ஆகிவிடும் என்று நம்பிய அப்பாவி. ரெட்டிட்டில் ஒருவர் போட்டுடைத்தார். அப்புறம் அந்தப் பையன்மேல் விழுந்த வசவு அவன் செய்த தப்பைவிடப் பெரிது. சமூக ஊடகம் காவல்காரனாக வந்தால் தடியையும் கொண்டுவரும்.

தமிழ்க் கடையில் அந்த அபாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆட்கள் குறைவு, சுவரைக் கவனிக்கும் கண்கள் இன்னும் குறைவு. இருக்கிறவர்கள் பழகப் பழக நண்பர்களாகிவிடுகிறார்கள். நண்பரின் கட்டுரையில் 'சான்று தேவை' என்று ஒட்டக் கை கூசாதா? ஆனாலும் ஒட்டவேண்டும், மரத்தடியில் அதுதான் மரியாதை. இன்னொரு வழக்கமும் உண்டு: வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் எவ்வளவு பேசினாலும் முடிவை மரத்தடியில் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதவேண்டும். தனிக் குழுவில் ஆள் திரட்டிவந்து கைதூக்க வைப்பது தப்பாட்டம். அலுவலகங்களில் 'அதை அன்றைக்கே போனில் பேசிவிட்டோமே' என்று நம் தலையில் கட்டுவார்களே, அந்த வசனம் இங்கே செல்லாது.

ஆட்கள்தான் குறைவு, வெறி குறைவில்லை. வேங்கைத் திட்டம் என்று இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. 2018-இல் பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். அடுத்த சுற்றில் தமிழ் முதலிடம். சம்பளம் இல்லாத வேலையில் இவ்வளவு வெறியா என்று கேட்டால், 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தை ஒரு ராத்திரி பார்க்கச் சொல்வேன். பின்னிரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் ஒரு பறவையின் பெயரைச் சரிசெய்கிறார். +3. வெறும் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்.

உங்கள் ஊரின் பக்கத்தை இன்றைக்கே திறந்து 'வரலாறு' பொத்தானை அழுத்திப் பாருங்கள். உங்கள் தெருவைப் பற்றி முன்பின் தெரியாத யாரோ கவலைப்பட்டிருப்பார். தப்பு கண்ணில் பட்டால் திருத்துங்கள், சான்றோடு. 'உலகப் புகழ்பெற்ற' மட்டும் வேண்டாம். டீ ஆறுவதற்குள் போய்விடும்.