அவா நாட்டு நீலச் சாயம்

ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள தொகுஷிமா மாகாணத்திற்குப் பழைய காலத்தில் அவா என்று பெயர். நீலச் சாயத்திற்கு அது பேர்போனது. அங்கே ஐசுமி என்னும் ஊரில், முன்னாள் நீல வணிகர் ஒருவரின் மாளிகை இன்று காட்சிச்சாலையாக விளங்குகிறது. பயணிகள் கட்டணம் செலுத்திக் கைக்குட்டை ஒன்றைத் தம் கையாலேயே தோய்த்துக்கொள்ளலாம். நானும் தோய்த்தேன்.

தொட்டியிலிருந்து எடுத்த துணி முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாயிற்று. நீலம் நீரில் கரையாத பொருள். தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கரையும் வடிவிற்கு மாற்றுகின்றன. அது நூலினுள் புகுந்தபின், காற்றிலுள்ள பிராணவாயு அதை மீண்டும் நீலமாக்கி அங்கேயே நிலைக்கச் செய்கிறது. அடர்ந்த நிறம் வேண்டுமாயின் பன்முறை தோய்க்க வேண்டும். இவ்வளவையும் அறிந்தவுடன் தொழிலையே கற்றுவிட்டதாக மகிழ்ந்தது என் பேதைமை.

தொட்டிக்கு முன்னே நடப்பதன்றோ பெருந்தொழில்! நம் பக்கத்தில் அவுரித் தழையைப் பச்சையாக நீரில் ஊறவைத்து, கடைந்து, படிந்த வண்டலைக் கட்டியாக்குவர். அவாவில் பயிராவது அவுரி அன்று. வேறு இனச் செடி. கோடையில் அறுத்து உலர்த்திய அதன் இலையை, செப்டம்பர் மாதத்தில் கொட்டகையில் குவித்து நீர் தெளிக்கின்றனர். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை கிளறி மீண்டும் தெளிப்பர். குவியல் சூடேறி, எருவைப்போல் மக்குகிறது. இவ்விதம் சுமார் 100 நாள். நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் இலை கெடும். அளவறிந்து நீர் விடுவதற்கென்றே முற்காலத்தில் தனித் தொழிலாளர் இருந்தனர். முடிவில் கிடைக்கும் கரிய பொருளே ‘சுகுமோ’. அதனை மரச்சாம்பல் நீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு, அரிசி மது ஆகியவற்றோடு தொட்டியிலிட்டு ஒரு வாரத்திற்கு மேலும் நொதிக்க விடுவர். (தவிடு நுண்ணுயிர்களுக்கு உணவு. தென்னாட்டுச் சாயக்காரர் தகரை விதையை வேகவைத்து இட்டதும் இதற்காகவே.)

சாயக்காரர் எத்துணைத் திறமுடையவராயினும், இலை பயிரிடுவோர் இல்லையேல் அது வெறுந்தொட்டியே. இதனை அவா மக்கள் துன்பப்பட்டு அறிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான இந்திய நீலம் அங்கே இறக்குமதியாயிற்று. நம் நாட்டுச் சரக்கே அவர்களுக்குப் போட்டியாயிற்று! அதன்பின், 1897-இல் ஜெர்மானியர் விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலம் நுழைந்தது. வயல்கள் குறைந்தன. இரண்டாம் உலகப்போரின்போது உணவுப் பயிரை முன்னிட்டு நீலப் பயிர் தடுக்கப்பட்டது. இச்செடியின் விதை நெடுநாள் முளைப்புத்திறனோடு இராது. விதைத்துக்கொண்டே இருந்தால்தான் விதை மிஞ்சும். ஒரு குடும்பத்தார் மறைவாகப் பயிரிட்டு விதையைக் காத்தனர். போர் முடிந்தபின் மீண்டும் பயிரிட அவ்விதையே உதவிற்று.

சுகுமோ செய்யும் முறையைப் பாதுகாக்கத்தக்க தொழில்நுட்பமாக ஜப்பானிய அரசு 1978-இல் தேர்ந்தெடுத்தது. எனினும், இன்று அதனைச் செய்து வருவோர் சில குடும்பத்தினரே.