குளிர் யந்திரத்தினுள் ஓடும் பொருள் எது?

வட்டார வளர்ச்சி அதிகாரி, திமிரி

பயிர் நன்கு விளைந்துவிட்டால் மட்டும் விவசாயியின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. விளைந்த பொருள் சந்தையை அடையும்வரை கெடாமல் இருத்தல் வேண்டும். நெல்லும் வேர்க்கடலையும் சில மாதங்கள் காத்திருக்கும். பாலும் பூவும் கீரையும் தக்காளியும் காத்திரா. கறந்த பாலின் உஷ்ணநிலை ஏறக்குறைய 38 டிகிரியாகும். அதே நிலையில் விட்டுவைத்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகி, சில மணி நேரத்தில் பால் கெட்டுவிடும். 4 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டால் அப்பெருக்கம் பெரிதும் அடங்கிவிடுகிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டி வெயில் காயும் நமது இராணிப்பேட்டை, வேலூர்ப் பகுதிகளில் குளிர்ச்சியை ஆடம்பரம் என்று ஒதுக்க இயலாது. விளைபொருளின் விலையைக் காப்பாற்றும் கருவிகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டது.

ஆகவே, பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பால் குளிர்விக்கும் தொட்டி, குளிர்பதன அறை ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பது இயல்பே. எவ்வளவு கொள்ளும், விலை என்ன, மின்கட்டணம் எவ்வளவு ஆகும் என்ற மூன்று கேள்விகள் தவறாமல் எழுகின்றன. நான்காவதாக ஒரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். அந்த யந்திரத்தினுள் ஓடும் பொருள் எது என்பதே அக்கேள்வி. பல நாடுகளின் விஞ்ஞானிகள் இன்று ஒன்றுகூடி விடை தேடி வருவதும் இதற்கே. கிராமத்தார் இதனை அறிந்திருக்க வேண்டிய காரணத்தை இங்கு விளக்க முற்படுகிறோம்.

யந்திரம் செய்யும் வேலை

மண்பானையில் ஊற்றிவைத்த நீர் குளிர்ந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்சாதன யந்திரத்தின் தத்துவமும் இதுவேயாகும். பானையிலிருந்து ஆவியான நீர் காற்றோடு போய்விடுகிறது. யந்திரத்திலோ, ஆவியான பொருளைக் குழாயினுள்ளேயே பிடித்து, அழுத்தித் திரவமாக்கி, மீண்டும் மீண்டும் வேலை வாங்குகிறோம். இப்பொருளையே மெக்கானிக்குகள் 'கேஸ்' என்று குறிப்பிடுகின்றனர்.

பள்ளத்திலுள்ள நீரைப் பம்புசெட் மேட்டுக்கு ஏற்றுவதுபோல், குளிர்ந்த அறையிலுள்ள வெப்பத்தைச் சூடான வெளிக்காற்றுக்குக் கம்ப்ரெஸர் ஏற்றிவிடுகிறது. கிணற்றில் நீர்மட்டம் தாழத் தாழ மோட்டாருக்கு வேலை மிகுவதுபோல், வெளியே வெயில் ஏற ஏறக் கம்ப்ரெஸருக்கும் வேலை மிகும், மின்செலவும் கூடும். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் கூறப்போகும் ஆராய்ச்சியின் அருமை எளிதில் விளங்கும்.

ஐஸ் ஹவுஸ் முதல் ஓசோன் வரை

சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடம் 1842-ஆம் ஆண்டில் எழுந்தது. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டியெடுத்துக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகவே அது கட்டப்பட்டது. யந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவிய பின்னர் அவ்வாணிகம் அற்றுப்போயிற்று.

அக்கால யந்திரங்களில் அம்மோனியா, கரியமில வாயு, கந்தக டையாக்ஸைடு போன்றவை ஓடின. அம்மோனியா கசிந்தால் மூச்சு முட்டும். கந்தக டையாக்ஸைடு நச்சுத்தன்மை உடையது. ஆகவே, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் விஞ்ஞானியும் அவர்தம் குழுவினரும் குளோரோ புளூரோ கார்பன் வகைப் பொருள்களைக் குளிர்சாதனங்களுக்கென உருவாக்கினர். அவை தீப்பற்றா, நச்சுமல்ல, நாற்றமும் இல்லை. குறையே இல்லாத பொருள் கிடைத்துவிட்டதென்று உலகம் மகிழ்ந்தது.

1974-ஆம் ஆண்டில் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இப்பொருள்கள் வானில் மிக உயரே சென்று, சூரியனின் கேடு தரும் கதிர்களைத் தடுத்து நிற்கும் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று எச்சரித்தனர். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே அப்படலம் பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மான்ட்ரியால் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. உலகம் ஒன்றுபட்டு அப்பொருள்களைக் கைவிட்டதால், ஓசோன் படலம் இன்று மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

இரண்டாவது இடர்

கைவிட்டவற்றுக்குப் பதிலாக வந்தவற்றிலும் ஓர் இடர் இருந்தது. ஆர்-22 என்னும் பொருள் ஓசோனைச் சிறிதளவு கெடுத்தது. அதன் பின்னர் வந்த ஆர்-134ஏ, ஆர்-404ஏ முதலிய ஹைட்ரோ புளூரோ கார்பன்கள் ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கின்றன. ஒரு கிலோ கரியமில வாயு நூறு ஆண்டுகளில் பிடித்து வைக்கும் வெப்பத்தை 1 என்று கொண்டால், ஆர்-134ஏ-யின் கணக்கு 1,400-க்கு மேல். ஆர்-22-க்குச் சுமார் 1,800. குளிர்பதன அறைகளில் பரவலாக உபயோகிக்கப்பட்டு வந்துள்ள ஆர்-404ஏ-க்குச் சுமார் 3,900.

இதன் பொருளை நமது கணக்கில் சொல்வோம். ஓர் அறையின் குழாய்களிலிருந்து 10 கிலோ ஆர்-404ஏ கசிந்து போனால், அதனால் வானுக்கு ஏற்படும் கேடு 14,000 லிட்டருக்கு மேல் டீசலை எரித்ததற்குச் சமமாகும்.

இக்கேடு வானோடு நிற்பதுமில்லை, பணப்பெட்டியையும் தொடுகிறது. 2025 ஜனவரி முதல் நம் நாட்டில் ஆர்-22 வகையைக் கொண்டு புதிய யந்திரங்கள் உற்பத்தி செய்வது நிறுத்தப்பட்டுள்ளது. 2030-க்குள் அதன் உபயோகம் ஏறக்குறைய முற்றிலும் ஒழிய வேண்டும். ஹைட்ரோ புளூரோ கார்பன்களைக் குறைப்பதற்கென 2016 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் கிகாலி நகரில் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டது. இந்தியா 2021-ல் அதனை உறுதி செய்தது. அதன்படி நமது நாட்டின் உபயோகம் 2028-ல் ஓர் அளவில் நிறுத்தப்பட்டு, 2032-ல் 10 சதவிகிதமும், படிப்படியாக 2047-ல் 85 சதவிகிதமும் குறைக்கப்பட வேண்டும்.

இன்று வாங்கும் குளிர்பதன யந்திரம் பதினைந்து ஆண்டுகள் உழைக்குமானால், 2040-ஐத் தாண்டிச் செல்லும். அதற்குள் அதற்குரிய 'கேஸ்' அரிதாகிவிட்டால், நல்ல நிலையிலுள்ள யந்திரமும் உதவாமற் போகும். ஐரோப்பாவில் ஒதுக்கீடு குறைக்கப்பட்டபோது, 2017, 2018 ஆண்டுகளில் ஆர்-404ஏ-யின் விலை பல மடங்கு ஏறிற்று. அந்நிலை இங்கு வரும்போது இழப்பு சங்கத்து அங்கத்தினர்களின் தலையிலேயே விழும்.

கூட்டு ஆராய்ச்சி

இந்நிலையில் விஞ்ஞானிகள் இயற்கையிலேயே உள்ள பழைய பொருள்களை நோக்கித் திரும்பியுள்ளனர். அவற்றுள் ஒன்று கரியமில வாயு. குளிர்சாதனத் துறையில் அதன் பெயர் ஆர்-744. 1980-களின் இறுதியில் நார்வே நாட்டுப் பேராசிரியர் குஸ்தாவ் லோரென்ட்ஸன் இதற்குப் புத்துயிர் அளித்தார். தீப்பற்றாத இப்பொருள், சிறிது கசிந்தாலும் பெருங்கேடு விளைவிப்பதில்லை.

ஆனால் 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாவதில்லை. நார்வேயின் குளிரில் இது பெருந்தடையன்று. நமது வெயிலிலோ பெருந்தடையாகும். காற்றழுத்தத்தைப்போல் தொண்ணூறு, நூறு மடங்கு அழுத்தத்தில் யந்திரத்தை இயக்க வேண்டியிருப்பதால் மின்செலவு மிகுகிறது. குளிர்நாட்டார் அறிந்த தொழில்நுட்பத்தை வெப்பநாட்டில் சோதித்துத் திருத்த வேண்டியது அவசியமாயிற்று. இக்காரணத்தால், நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகம் ஆகியவையும் 'இண்டீ' என்ற பெயரால் கூட்டாக ஆராய்ந்து வந்துள்ளன. சென்னைக் கழகத்தில் கரியமில வாயுவால் இயங்கும் சோதனை யந்திரம் நிறுவப்பட்டு, கோடை வெப்பத்தில் அது எவ்வாறு உழைக்கிறது என்று அளந்து பார்க்கப்படுகிறது. உயர் அழுத்தத்திலிருந்து வாயு பாய்ந்து இறங்கும்போது வீணாகும் வேகத்தைப் பிடித்துக் கம்ப்ரெஸரின் பளுவைக் குறைக்கும் 'எஜக்டர்' என்னும் உறுப்பு இவ்வாராய்ச்சியில் முக்கியமானது.

இவ்வகை யந்திரம் வெளியேற்றும் வெப்பத்தால் நல்ல வெந்நீரும் கிடைக்கிறது என்பது பால் சங்கத்தார் கவனிக்கத்தக்கது. ஒருபுறம் பாலைக் குளிர்வித்து, மறுபுறம் கேன்களையும் தொட்டிகளையும் கழுவ வெந்நீர் தருமானால், தனியே விறகோ மின்சாரமோ செலவிட வேண்டியதில்லை. எனினும், இது சிறிய கிராமங்களுக்கு எட்டும் விலையில் பரவ இன்னும் காலமாகும்.

இப்பொழுதே கடைக்கு வந்துவிட்டது புரொப்பேன், அதாவது ஆர்-290. இந்திய - ஜெர்மானிய ஒத்துழைப்பின் பயனாக, கோத்ரெஜ் நிறுவனம் 2012-ல் இதனைக்கொண்டு இயங்கும் அறைக் குளிர்விப்பான்களை நம் நாட்டில் வெளியிட்டது. புரொப்பேன் நமக்குப் புதியதன்று. சமையல் வாயு சிலிண்டரில் இருப்பதும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்ததே. சிலிண்டரில் 14.2 கிலோ இருக்க, இத்தகைய அறைக் குளிர்விப்பானில் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே இருக்கிறது. தீப்பற்றக்கூடியது ஆகையால், அளவிலும் பழுதுபார்ப்பதிலும் கட்டுப்பாடு தேவை. புதிய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் ஆர்-600ஏ என்று எழுதியிருப்பதைக் காணலாம். அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

தோல் தொழிலும் நம் கிணறும்

குளிர்ச்சிக்கு நமது பகுதியில் வேறொரு வேலையும் காத்திருக்கிறது. உரித்த தோல் அழுகாமல் இருப்பதற்காக, அதன் எடையில் 30 முதல் 40 சதவிகிதம் உப்புச் சேர்ப்பது வழக்கம். பதனிடும் தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும்போது அவ்வுப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்குகிறது. கரைந்த உப்பைப் பின்னர் நீரிலிருந்து பிரிப்பது மிகுந்த செலவு பிடிக்கும் காரியம். இராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் கிணறுகள் உவர்த்துப் போனதும், பாலாற்றுப் படுகை கெட்டதும், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவையே.

உப்புக்குப் பதிலாகத் தோலை 4, 5 டிகிரியில் குளிர்வித்து வைத்தால் சில நாட்கள் கெடாமல் இருக்கும். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் உப்பைக் குறைக்கும் முறைகளை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளுடனும் கூட்டாக, கழிவுநீரின் உவர்ப்பைக் குறைப்பது பற்றி ஆராய்ந்துள்ளது. தொலைவிலிருந்து நாட்கணக்கில் பயணம் செய்து வரும் தோலுக்கு இம்முறை எளிதன்று. அருகிலிருந்து உடனே வரும் தோலுக்கு ஏற்றது. இம்முறை பரவினால் அதன் முதற்பயன் நமது கிணற்றையே சேரும். ஆனால், குளிர்விக்கும் யந்திரம் கேடு தரும் வாயுவைக் கசிய விடுமானால், நிலத்தைக் காத்து வானைக் கெடுத்ததாகவே முடியும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

குளிர் யந்திரம் வாங்க விரும்பும் சங்கமோ பஞ்சாயத்தோ கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. யந்திரத்தில் ஒட்டிய தகட்டில் எழுதியுள்ள 'ஆர்' எண்ணையும், உள்ளே எத்தனை கிலோ இருக்கிறது என்பதையும் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பொருள் பதினைந்து ஆண்டுகளுக்குக் கிடைக்குமா என்று விற்போரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

2. வெளியே 43, 45 டிகிரி வெயில் இருக்கும்போது யந்திரம் எவ்வளவு குளிர் தரும், எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று வினவ வேண்டும்.

3. மின்தடை நேரும்போது குளிரைக் காத்துத் தருவதற்குப் பனிக்கட்டிச் சேமிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். மின்சாரமுள்ள நேரத்தில் உறையவைத்த பனி, இல்லாத நேரத்தில் பாலைக் காக்கும்.

4. பழுதுபார்க்கும்போது பழைய வாயுவை வெளியே திறந்துவிட அனுமதிக்கலாகாது. சிலிண்டரில் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும். கசிவை அடைக்காமல் மேலும் மேலும் வாயு நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதேயாகும். ஆர்-22-க்கென்று செய்த யந்திரத்தில் தீப்பற்றும் புரொப்பேனை நிரப்ப எவரையும் விடக்கூடாது. அது உயிருக்கே ஆபத்தானது.

5. தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்சாதன மெக்கானிக் பிரிவில் சேர நம் இளைஞர்களை ஊக்குவிக்க வேண்டும். புதிய வாயுக்களைக் கையாளக் கற்றவர்களுக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும்.

யந்திரம் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகளும் மனந்தளர வேண்டியதில்லை. டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வகுத்த, மின்சாரம் வேண்டாத குளிர் அறை ஒன்று உண்டு. நிழலான இடத்தில் இரட்டைச் செங்கற்சுவர் எழுப்பி, இடையிலுள்ள 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து, மேலே ஓலை அல்லது வைக்கோல் மூடியிட வேண்டும். வறண்ட கோடையில் உள்ளே வெளியைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும். காய்கறிகள் சில நாட்கள் வாடாமல் நிற்கும். மழைக்காலத்தில் இதன் பயன் குறைவு. பாலுக்கும் இது போதாது. ஆனால் சந்தையில் விலை சரிந்த அன்றே கத்தரியையும் வெண்டையையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் நிலை ஓரளவு மாறும். இங்கே வேலை செய்யும் பொருள் வெறும் நீர்தான். விஞ்ஞானிகளின் பட்டியலில் அதற்கும் ஆர்-718 என்று ஓர் எண் உண்டு.

ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டறிந்தது கிராமத்தை அடைவதற்கு, கிராமத்தார் அதனைக் கேட்டுப் பெறுதலே முதற்படியாகும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பால் குளிர்விக்கும் தொட்டியைப் பற்றிப் பேச்சு எழுமானால், விலையைக் கேட்பதற்கு முன் 'ஆர்' எண்ணைக் கேட்குமாறு அங்கத்தினர்களையும் விவசாயப் பெருமக்களையும் வேண்டிக்கொள்கிறோம்.