நெருப்பில் நிலைபெறும் உருவம்: ஒளிப்படமும் பீங்கானும்

முன்னுரை

தொடக்ககால ஒளிப்படங்களின் பெருங்குறையாகக் கருதப்பட்டது அவை மங்கிப் போவதே. தாளில் பதிந்த வெள்ளித்துகள்கள் காற்றாலும் ஈரத்தாலும் நாளடைவில் நிறம் மாறின. இக்குறையைக் களைய எழுந்த முயற்சிகளுள் ஒன்று, ஒளிப்படத்தைப் பீங்கானில் சுட்டு நிலைபெறச் செய்யும் முறையாகும். பிரான்சைச் சேர்ந்த லாஃபோன் தெ கமார்சாக் 1854ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் ஒளிப்படம் எதனை இழந்து எதனைப் பெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

செய்முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய முறை ஒன்றில், கோந்தும் சர்க்கரையும் கலந்த கரைசலில் டைகுரோமேட் உப்பைச் சேர்த்துக் கண்ணாடியில் பூசினர். பின்னர், நேர்ப்படத்தின் வழியே அதன்மீது ஒளி பாய்ச்சினர். ஒளிபட்ட பகுதி இறுகியது. படாத பகுதி பிசுபிசுப்பாகவே இருந்தது. உலோக ஆக்சைடுத் தூளைத் தூவியபோது, அது பிசுபிசுப்பான பகுதியில் மட்டும் ஒட்டியது. அப்படலத்தைப் பீங்கானுக்கு மாற்றிச் சூளையில் இட்டபோது கோந்து எரிந்தழிந்தது. ஆக்சைடு மட்டும் மெருகுப்பூச்சோடு ஒன்றியது. ஆக, எஞ்சுவது ஒளிப்படத்தின் வெள்ளியன்று. அதன் உருவத்தை ஏற்ற கனிமமே.

கலையாக்கம்

இக்காலக் கலைஞர் சிலர், இரும்பு ஆக்சைடு கலந்த லேசர் அச்சு மையைப் பயன்படுத்துகின்றனர். தாளில் கறுப்பாகத் தோன்றும் படம், சூளையிலிருந்து செம்பழுப்பாக வெளிவருகிறது. எனவே, இங்கு நெருப்பும் படைப்பில் பங்கு கொள்கிறது எனலாம். அமெரிக்க ஓவியர் இராபர்ட் இராஷன்பர்க் 1980களில் ஜப்பானின் ஷிகராக்கியில் ஒளிப்படங்களைச் சுடுமண் பலகைகளில் பதித்துப் படைத்த ஆக்கங்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

முடிவுரை

இக்கலையின் மிக எளிய வடிவத்தை நம் வட்டாரத்துச் சீனர் இடுகாடுகளில் காணலாம். சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இடுகாட்டில், கல்லறைகளில் பதித்த பீங்கான் உருவப்படங்கள் பல்லாண்டு வெயிலையும் மழையையும் தாங்கியுள்ளன. எனினும், சாலை அமைப்பதற்காக 2013ஆம் ஆண்டு தொடங்கி அங்கு 3,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. நெருப்பு உருவத்தை நிலைபெறச் செய்யும்; அவ்வுருவம் நிற்கும் இடத்தைக் காக்கும் பொறுப்பு மாந்தருடையதே.