சிக்கன விலையில் கணினியின் மூளை

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் பெற்றோரிடம் விடுக்கும் வேண்டுகோள்களுள் இக்காலத்தில் முன்னிற்பது கணினியேயாகும். அவர்களுள் கெட்டிக்காரர் சிலர், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டிக்கொள்ள விரும்புகின்றனர். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆயினும் இவ்வுறுப்புகள் யாவும் கடல் கடந்து வருபவை. 2022ஆம் ஆண்டில் டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, நம் நாட்டில் அவற்றின் விலை என்னவாயிற்று என்பதைப் பெற்றோர் மறந்திரார். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் பொருந்தாது போனால், மறுமுறை வாங்குவதற்கு வழி ஏது? எனவே, கணினியின் மூளை எனத்தக்க புரொசசரைத் தெரிவு செய்யும் முறைபற்றி இங்கே சிறிது கூற விழைகின்றேன்.

முதலில், விலை உயர்ந்ததே சிறந்தது என்னும் எண்ணத்தைக் கைவிடல் வேண்டும். 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் ஐ7-7700கே என்னும் புரொசசரை 339 டொலருக்கு வெளியிட்டது. நான்கு கோர்களும் எட்டு இழைகளும் கொண்ட அதனை அன்று பலரும் வியந்து நோக்கினர். ஐந்தாண்டு கழித்து, 2022 ஜனவரியில், அதே நிறுவனத்தின் ஐ3-12100 வெளிவந்தது. அதற்கும் அதே நான்கு கோர்கள், அதே எட்டு இழைகள். அறிவிக்கப்பட்ட விலையோ 122 டொலர். வேகத்தில் அது பழையதை முந்திவிட்டது. கட்டுரை எழுதுதல், இணைய வகுப்பு, நிரல் எழுதிப் பழகுதல் ஆகியவற்றுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

இலக்கங்களின் பின்னால் நிற்கும் ஓர் எழுத்து, குடும்பமொன்றின் சேமிப்பையே கலக்கிவிடக் கூடும். 12100 என்பதற்கும் 12100எஃப் என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? எஃப் எழுத்து உடையதில், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இயங்காது. தனியே ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கியே ஆதல் வேண்டும். என் மாணவன் ஒருவன் விலை குறைவு என்று அதனையே வாங்கி வந்து பூட்டினான். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் மூன்று நாள் இருண்டே கிடந்தது. பொருள் பழுது என்றே வீட்டார் எண்ணினர். விற்ற கடைக்காரர் ஒரு சொல் கேட்டிருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது. கிராபிக்ஸ் கார்ட் வாங்க வசதியற்றோர், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி போன்று படப்பகுதியையும் உடன் கொண்ட ஒன்றையே நாடுவது நன்று. அதனுடன் 16 ஜிபி நினைவகத்தை ஒரே தகடாக வாங்காது, 8 ஜிபித் தகடுகள் இரண்டாக வாங்குக. படப்பகுதி அந்நினைவகத்தையே பங்கிட்டுக் கொள்வதால், இருவழியாகத் தரவு வருவது அதற்குப் பெரும் உதவியாகும்.

கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்குவாரும் உளர். 2022இல் வெளிவந்த ரைசன் 5 5500, ரைசன் 5 5600 ஆகிய இரண்டிலும் கோர் ஆறு, இழை பன்னிரண்டு. ஆனால் மூன்றாம் நிலைக் கேஷ் நினைவகம் முன்னதில் 16 எம்பி. பின்னதில் 32 எம்பி. கேஷ் என்பது மேசைமேல் விரித்து வைத்த புத்தகம் போன்றது. ராம் நினைவகமோ நூலகத்து அலுமாரி. மேசை சிறிதாயின் அடிக்கடி எழுந்து நடக்க நேரும். இவ்வுண்மை புதியதன்று. 1998இல் இன்டெல் வெளியிட்ட முதற் செலரோன்களில் இரண்டாம் நிலைக் கேஷ் அறவே இல்லாமையால் அவை இகழப்பட்டன. அவ்வாண்டிலேயே 128 கேபி கேஷ் சேர்த்து வந்த 300ஏ பெரும்புகழ் பெற்றது. இவ்வேறுபாடு விளையாட்டுகளிலேயே மிகுதியாகத் தோன்றும். பாடங்களுக்கு 5500 போதும். அதற்கும் 5600க்கும் படப்பகுதி இல்லை என்பதை மறவற்க.

புரொசசர் தனித்து இயங்குவதன்று. அதற்கேற்ற மதர்போர்ட் வேண்டும். ஏ.எம்.4 சொக்கெட் நீண்ட ஆயுள் பெற்றது. 2018இல் வந்த பி450 போர்ட்டிலும், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தபின், 5600 இயங்கும். புதுப்பிக்காது பூட்டினால் கணினி உயிர்பெறாது. 2022இல் வந்த ஏ.எம்.5 சொக்கெட்டோ டி.டி.ஆர்.5 நினைவகத்தையே ஏற்கும். 2025இன் இறுதியில் நினைவகத் தகடுகளின் விலை உலகெங்கும் ஏறியதைக் கருதின், கையில் டி.டி.ஆர்.4 தகடு வைத்திருப்போர் பழைய சொக்கெட்டை விட்டு ஓடத் தேவையில்லை என்பதே என் கருத்து.

அலுவலகங்கள் கழித்த 2013ஆம் ஆண்டுக் கால நான்காம் தலைமுறை ஐ5 கணினிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இவற்றை முறைப்படி ஏற்பதில்லை. லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். வேறு வழியில்லாத வீட்டில் அதுவும் படிப்பைத் தடுக்காது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வாங்கும்போது பெட்டியுடன் உள்ளதா என்று கேளுங்கள். 5600, 12100 ஆகியவற்றின் பெட்டியில் குளிர்விக்கும் விசிறியும் வரும். பெட்டியின்றி விற்பதற்கு அதனைத் தனியே வாங்க நேரும். ஏ.எம்.4 புரொசசரில் ஊசிகள் அதன் அடிப்பக்கத்திலேயே உள்ளன. பின்னொரு நாள் விசிறியைக் கழற்றும்போது, கணினியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற்றி, மின்னிணைப்பை அகற்றியபின், விசிறியை மெல்லத் திருகித் தூக்குங்கள். நேரே இழுத்தால் புரொசசரும் சொக்கெட்டிலிருந்து பெயர்ந்து வந்து ஊசிகள் வளைந்துவிடும்.