நாய்க்கும் பூனைக்கும் காப்பீடு வேண்டுமா?

தோபித்து நூலில், தோபியா இரபேல் வானதூதருடன் நெடும்பயணம் புறப்படும்போது வீட்டு நாயும் உடன் செல்கிறது. திரும்பி வரும்போதும் அது பின்தொடர்கிறது. கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்த புனித ரோக்கிற்கு ஒரு நாய் அப்பம் கொண்டுவந்து கொடுத்ததென்பது திருச்சபையின் மரபு. அதனாலேயே அவருடைய திருவுருவத்தின் அருகே நாயும் இடம் பெற்றிருக்கிறது. கடலூர் முதுநகரின் மீனவர் வீட்டு வாசலிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரின் ஆசிரியர் இல்லத்திலும் இன்று நாயோ பூனையோ குடும்பத்தில் ஒன்றாகவே வளர்கிறது. அது நோயுற்றால் செலவு ஏற்படுகிறது. இறந்தால் வீடே துயருறுகிறது. "நாய்க்கும் இன்ஷூரன்ஸ் உண்டாமே, எடுக்கலாமா?" என்று குடும்பங்கள் கேட்பது இயல்பே. அதன் உண்மை நிலையைச் சற்று ஆராய்வோம்.

மாட்டுக்கு உள்ள சலுகை

கால்நடைக் காப்பீடு நம் மாவட்டத்து உழவர்க்குப் புதிதன்று. கால்நடை மருத்துவர் மாட்டைச் சோதித்து, மதிப்பை உறுதி செய்து, காதுவில்லை பொருத்துகிறார். மாடு இறந்தால் உடனே தகவல் தர வேண்டும். மருத்துவர் சான்று அளித்த பின்னரே இழப்பீடு கிடைக்கும். தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் இதற்கு மானியம் உண்டு. பயனாளி பிரீமியத்தில் 15 விழுக்காடு செலுத்தினால் போதும், எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. பசு இறந்தால் பாலும் போகிறது, அன்றாட வருவாயும் போகிறது. ஆகவே இவ்வுதவி நியாயமானதே.

நாய்க்கும் பூனைக்கும் இத்தகைய மானியம் இல்லை. பிரீமியம் முழுவதையும் உரிமையாளரே செலுத்த வேண்டும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது?

பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நெடுங்காலமாகவே நாய்க் காப்பீடு வழங்கி வருகின்றன. பொதுவாக 8 வாரம் முதல் 8 வயது வரையுள்ள நாய்களை ஏற்கின்றனர். இவற்றின் அடிப்படை நோக்கம், விபத்தினாலோ நோயினாலோ நாய் இறந்தால் அதன் மதிப்பை ஈடுசெய்வதே. பிரீமியம் பெரும்பாலும் அம்மதிப்பில் 3 முதல் 5 விழுக்காடு அளவில் அமையும். வயதையும் இனத்தையும் ஒட்டி மாறும். 20,000 ரூபாய் மதிப்புள்ள நாய்க்கு 5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 1,000 ரூபாய், வரி தனி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழப்பீடு நாயின் சந்தை மதிப்பை ஒட்டியது. விலை கொடுத்து வாங்கிய உயர்சாதி நாய்க்கு அது பொருந்தும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்குச் சந்தையில் விலை ஏது? நம் குடும்பங்களுக்கு உண்மையில் சுமையாவது மருத்துவச் செலவு. அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுதல் ஆகியவற்றையும் உள்ளடக்கிய திட்டங்களை 2020 முதல் சில தனியார் நிறுவனங்கள் அளிக்கின்றன. பின்னர்ப் பூனைக்கும் அவை வந்தன. பாதுகாப்பு கூடுந்தோறும் பிரீமியமும் கூடும்.

கையெழுத்திடுமுன் விலக்குகளைப் படிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் வராது. பாலிசி தொடங்கிய முதல் சில நாட்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. வழக்கமான தடுப்பூசி, குடற்புழு நீக்கம் போன்றவை பொதுவாகச் சேரா. யாவற்றினும் முக்கியமானது, ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றால் நாய் இறந்தால், தடுப்பூசிச் சான்று இல்லாவிடில் பெரும்பாலான பாலிசிகள் இழப்பீடு தருவதில்லை.

காப்பீட்டுக்கு முந்திய காப்பு

ஆகவே, காப்பீடு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தடுப்பூசியைத் தவிர்க்க இயலாது. சுவீடன் நாட்டில் 1924இலேயே நாய்க் காப்பீடு தொடங்கி, இன்று அங்கு அது பரவலாகியுள்ளது. அங்கே கால்நடை மருத்துவத்திற்குப் பெருந்தொகை ஆகிறது. நமக்கோ கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. ஆண்டுதோறும் ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டித் தமிழகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் இலவசமாக நடைபெறுகின்றன. 1885இல் அந்நாளில்தான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தம் தடுப்பூசியைச் செலுத்தினார்.

மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். பூனைக்கும் இதுவே முறை. 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகிக் கடலூரைச் சூழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் மனிதரையும் தாக்கும். நாய்க்கு அதற்கும் தடுப்பூசி உண்டு.

இது நாயின் உயிரை மட்டும் பற்றியதன்று. ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்குப் பலியாவோரில் சிறுவர் பெருந்தொகையினர். தம் வீட்டுக் குட்டிதானே என்று கீறலைப் பெற்றோரிடம் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ தடவலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அதற்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகளில் இவ்வூசி இலவசம். தவணைகளில் ஒன்றையும் விடலாகாது.

அயலாருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நம் நாய் அயலாரைக் கடித்தால் ஏற்படும் பொறுப்புக்கு ஈடு தரும் பாலிசிகளும் உண்டு. எடுப்பவர் அதையும் கேட்டறிவது நன்று.

இரண்டு எல்லைகள்

திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் பத்தியில் இரண்டு எல்லைகளைக் காட்டுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது. இவ்விரண்டுக்கும் இடையேதான் நம் வீட்டுக் கணக்கு அமைய வேண்டும்.

குடும்பத்தார்க்கே மருத்துவக் காப்பீடு இல்லாத வீட்டில் நாய்க்குக் காப்பீடு முதலாவதாகாது. வசதியுள்ளோர், பெரும் மருத்துவச் செலவை ஏற்கும் பாலிசியா என்று தேர்ந்து எடுக்கலாம். மற்றையோர், பிரீமியத்திற்கு ஆகும் தொகையை மாதந்தோறும் சிறுகச் சேமித்து அஞ்சலகத்தில் போட்டு வரலாம். ஆனால் தடுப்பூசிச் சீட்டு மட்டும் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சீட்டில் அடுத்த ஊசியின் தேதி என்ன என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.