முதல் நெடுந்தூர டிரையத்லான்: இறங்குமுன் அறிய வேண்டியவை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். அதன் நெடுந்தூர வடிவத்தை 'அயர்ன்மேன்' என்ற பெயரால் நம்மில் பலர் அறிந்திருப்போம். 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதிலிருந்து இறங்கி 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். பொதுவாக 17 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். இதில் சரிபாதித் தூரம் கொண்ட போட்டியை '70.3' என்கிறார்கள். மூன்று பகுதிகளின் தூரத்தையும் மைல் கணக்கில் கூட்டினால் வரும் எண் அது. 2019 அக்டோபரில் கோவாவின் பனாஜியில் 70.3 போட்டி நடந்தது. அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டே இதற்குத் தயாராக விரும்பும் இளைஞர்களை இப்போது நாம் பார்க்கிறோம்.

இந்த ஆசை நல்ல ஆசைதான். உடலைப் பேண நினைக்கும் பிள்ளையை எந்த வீடும் தடுக்காது. ஆயினும் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். முதல் போட்டியில் நம் குறிக்கோள் நலமாக முடித்து வீடு திரும்புவது. பயிற்சி, உணவு, செலவு, ஓய்வு எல்லாவற்றையும் இந்த ஒரு குறிக்கோளை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

எப்படித் தொடங்கியது?

ஹவாயின் ஓஆஹு தீவில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் வசித்தார்கள். நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் ஆகியோரில் யாருக்கு உடல் வலிமை அதிகம் என்று நண்பர்களிடையே எழுந்த விவாதத்துக்கு முடிவு காண, அந்தத் தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடுந்தூரப் போட்டிகளின் தூரங்களையும் ஒன்றாக இணைத்தார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கே 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆயிற்று. பிற்காலத்தில் ஹவாய்ப் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலனும் முதலில் பல ஆண்டுகள் தோற்றவரே. 1989-இல்தான் அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது. நம் நாட்டு நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல், தம் 50-ஆவது பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்பு, ஜூரிச்சில் 15 மணி 19 நிமிடத்தில் முழு அயர்ன்மேனை முடித்தார். நிதானமாகப் போகிறவருக்கும் இந்தப் போட்டியில் இடம் உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

முதலில் மருத்துவர்

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களில் ஏற்பட்ட மரணங்களையும், திடீரென இதயம் நின்றுபோன நிகழ்வுகளையும் மருத்துவர்கள் தொகுத்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 135 நிகழ்வுகள். லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவு என்பதால் இது பரவலான ஆபத்து அல்ல. ஆனால் அந்த 135-இல் 90 நிகழ்வுகள் நீச்சலின்போதே நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயது ஆண்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை கிடைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்திலோ இரத்தக் குழாயிலோ ஏற்கெனவே கோளாறு இருந்தது. அவர்களில் பலர் அதை அறியாமலே நீரில் இறங்கியிருக்கக்கூடும்.

எனவே பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாரேனும் இளவயதில் மாரடைப்பால் இறந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது.

நீச்சலில் தனியே போகாதீர்கள்

குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவருக்கும் கடல் புதியதுதான். அங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. அலை முகத்தில் அடிக்கும், நீருக்கடியில் நீரோட்டம் இழுக்கும், போட்டி நாளில் பக்கத்தில் நீந்துபவரின் கை நம் மேல் படும். இதில் பயந்து மூச்சு வாங்குவதுதான் பலரைச் சிக்க வைக்கிறது. முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சியாளரிடம் மூச்சு விடும் முறையைச் சீர்செய்துகொள்ள வேண்டும். நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் நிதானமாக நீந்த முடிந்த பிறகே திறந்த நீருக்குப் போகலாம். அப்போதும் அனுபவமுள்ள குழுவுடன், படகுக் காவல் உள்ள இடத்தில், இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவையோடுதான் இறங்க வேண்டும். கடற்கரையில் குளிக்கப் போனவர்களை அலை இழுத்துச் சென்ற செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். நெடுந்தூர நீச்சல் தெரிந்தவர் என்பதற்காகக் கடல் ஒருவரை விட்டுவிடாது.

ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை. போட்டியில் களைத்துப் போனால் காவல் படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பயன்படுத்தி முன்னேறாத வரை தகுதி நீக்கம் கிடையாது. இதை அறிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மெதுவாகப் பழகுதல்

ஏற்கெனவே ஓரளவு ஓடவும் நீந்தவும் தெரிந்தவருக்கே பாதித் தூரப் போட்டிக்கு ஆறு மாதமாவது வேண்டும். முழுத் தூரத்துக்கு ஓராண்டு ஒதுக்குவது நல்லது. முதலில் பாதித் தூரத்தை முடித்து, அதன்பின் முழுத் தூரத்துக்குப் போவதே முறை.

புதியவர்கள் ஒவ்வொரு நாளும் முழு மூச்சாக ஓடித் தீர்ப்பதைப் பார்க்கிறோம். சில வாரங்களில் முழங்காலோ குதிகாலோ பிடித்துக்கொள்ளும். நெடுந்தூரப் பயிற்சியின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் ஓரிரு முறை மட்டும் வேகம் கூட்டினால் போதும். மார்க் ஆலனும் இதயத் துடிப்பைக் கணக்கிட்டு, தம் வேகத்தைக் குறைத்துப் பல மாதங்கள் பழகியவர். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று வாரம் முடிந்ததும் நான்காம் வாரத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் இருபது நிமிடம் ஓடிப் பார்க்க வேண்டும். கால்கள் மரக்கட்டை போலத் தோன்றும் அந்த நேரத்தை உடல் முன்கூட்டியே அறிந்திருக்கும். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் ஓய்வுக்கு உரியவை.

சைக்கிள் பயிற்சியை விடியற்காலையில், போக்குவரத்துக் குறைந்த சாலையில், ஹெல்மெட்டும் பின்விளக்கும் இருக்கச் செய்ய வேண்டும். காதில் பாட்டுக் கருவி வேண்டாம்.

உணவும் நீரும்

மூன்று மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் உடலுக்கு வழியிலேயே எரிபொருள் வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது தொடக்கக்காரருக்குப் பொருத்தமான அளவு. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் போன்ற நாம் பழகிய உணவே போதும். எதுவானாலும் பயிற்சியின்போது சாப்பிட்டு வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டுமே போட்டி நாளில் சாப்பிட வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பதை எல்லோரும் அறிவோம். அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்து எடை கூடியதே அதற்கு முக்கியக் காரணம். தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றினால் உயிருக்கே ஆபத்து. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததுபோக ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை வெளியேறியிருக்கிறது என்று பொருள். தாகத்துக்கு ஏற்பக் குடித்து, உப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நோன்பு மாதத்தில்

ஓராண்டுப் பயிற்சித் திட்டத்தில் ரமலானும் வரும். அந்த மாதத்தில் தூரத்தைக் கூட்ட முயல வேண்டாம். பெற்ற திறனைத் தக்கவைத்தாலே போதும். நோன்பு திறப்பதற்குச் சற்று முன் அரைமணி நேர எளிய ஓட்டம், அல்லது இரவில் உணவு செரித்தபின் பயிற்சி என அமைத்துக்கொள்ளலாம். பகல் வெயிலில் நெடுந்தூர சைக்கிளும் கடல் நீச்சலும் வேண்டவே வேண்டாம். அந்த மாதத்துக்குப் பிந்தைய சில வாரங்களுக்குள் வரும் போட்டியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

வீட்டாரோடு மஷ்வரா

உச்சக்கட்டப் பயிற்சியில் வாரம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் போய்விடும். அந்த நேரம் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. எனவே அவர்களைக் கலந்து பேசாமல் இறங்கக் கூடாது. கடன் வாங்கி விலையுயர்ந்த சைக்கிள் வாங்கவும் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய ரோடு சைக்கிளும், உடலளவுக்குச் சரியான இருக்கை உயரமும் முதல் போட்டிக்குப் போதும். வீட்டாரும் 'இதெல்லாம் எதற்கு' என்று ஒதுக்காமல், மருத்துவரைப் பார்த்தாயா, யாரோடு நீந்தப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் முழு அயர்ன்மேனை முதன்முதலில் முடித்தவர் அமெரிக்க இளைஞர் கிறிஸ் நிகிக். 2020 நவம்பரில் ஃபுளோரிடாவில் அதை முடித்தபோது அவருக்கு வயது 21. எடுத்துக்கொண்ட நேரம் 16 மணி 46 நிமிடம் 9 விநாடி. கெடு முடிய கால் மணி நேரமே இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு சதவீதம் முன்னேறுவது என்பதே அவரும் அவர் தந்தையும் வகுத்துக்கொண்ட திட்டம். நம் இளைஞர்களும் இந்தக் கணக்கைப் பின்பற்றலாம். இந்த வாரம் மருத்துவரைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். உடல் தயாராக இல்லையென்றால் போட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். போட்டி ஆண்டுதோறும் வரும். உங்களை நம்பியிருக்கும் வீட்டுக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.