ஜீரோ பார்த்தால் மட்டும் போதுமா?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் ஊழியர் சொல்வது, "ஜீரோ பாத்துக்குங்க." நாமும் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறோம். இன்று அந்த ஜீரோ பளிச்சென்ற மின்திரையில் தெரிகிறது. பணம் போனில் போகிறது, பில் தானே அச்சாகிறது, விற்பனைக் கணக்கு எண்ணெய் நிறுவனத்தின் கணினிக்கே போய்விடுகிறது. பல பங்குகளின் ஓரத்தில் மின் வண்டிக்கான சார்ஜரும் நிற்கிறது. வசதி கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அளக்கும் வேலை நம் கண்ணுக்கு எட்டாத மின்பலகைக்குள் போய்விட்டது. பங்க் எவ்வளவு நவீனமாகிறதோ, அவ்வளவுக்கு நாமே சோதித்துப் பார்க்கும் உரிமை முக்கியமாகிறது.

2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை பங்குகளில் சோதனை நடத்தியபோது, எந்திரங்களுக்குள் ரகசிய சிப் பொருத்தப்பட்டிருந்தது அம்பலமானது. எந்திரத்தில் ஓடும் எண்ணெயை 'பல்சர்' என்ற கருவி மின்துடிப்புகளாக எண்ணித் திரைக்கு அனுப்புகிறது. சிப் அந்த எண்ணிக்கையைக் கூட்டிவிடும். ஜீரோவில்தான் தொடங்கும், கேட்ட தொகையில்தான் நிற்கும், டேங்கில் மட்டும் குறையும். இந்த மோசடியை ஜீரோ பார்த்துப் பிடிக்க முடியாது. நூறு ரூபாய்க்குப் பதில் நூற்றுப் பத்துக்குப் போட்டாலும் பலனில்லை, சிப் எந்தத் தொகையிலும் அதே விகிதத்தில்தான் திருடும். விடிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். எண்ணெய் நிலத்தடித் தொட்டியில் இருப்பதால் அதன் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை.

பிடிக்கக்கூடியது ஐந்து லிட்டர் அளவு ஜாடி. எடையளவுத் துறையின் முத்திரையிட்ட இந்த ஜாடி ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் யார் கேட்டாலும் அதில் பிடித்துக் காட்ட வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. ஜாடியின் கழுத்தில் உள்ள கோட்டுக்கு 25 மில்லி வரை முன்பின் இருப்பதை விதியே அனுமதிக்கிறது, அந்த அளவுக்குச் சண்டை போடுவது நியாயமில்லை. அதைத் தாண்டிக் குறைந்தால் கேள்வி கேட்கலாம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஐந்து லிட்டர் போடும் ஆட்டோ ஓட்டுநருக்கு ஒவ்வொரு முறையும் 250 மில்லி குறைந்தால் நாளுக்கு 25 ரூபாய், வருடத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு அதில் அடங்கும்.

பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது ஜாடி கேட்க முடியுமா, குறைந்த சம்பளத்தில் வெயிலில் நிற்பவரைச் சங்கடப்படுத்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊழியரிடம் கோபப்பட வேண்டியதில்லை, அளவுக்குப் பொறுப்பு பங்கை நடத்தும் டீலருடையது. வழக்கமாகப் போடும் பங்கில், கூட்டமில்லாத நேரத்தில், சில மாதத்துக்கு ஒரு முறை கேட்டால் போதும். நேர்மையான டீலருக்கு இதனால் நஷ்டமில்லை. எல்லாம்தான் நிறுவனத்தின் கணினியோடு இணைந்திருக்கிறதே என்றும் சொல்வார்கள். அந்தக் கண்காணிப்பு நல்லதே, ஆனால் அந்தத் திரை நிறுவனத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. வாடிக்கையாளர் பக்கம் இருப்பது ஜாடி மட்டும்தான்.

தரத்துக்கு வருவோம். நாசிலைத் துடைத்துவிட்டு வடிதாளில் ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடும், எண்ணெய்க் கறை தங்கினால் கலப்படம் இருக்கலாம். ஆனால் எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இப்போது விற்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம், பைக்குகளில் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. எத்தனாலற்ற பெட்ரோலையும் விற்க வேண்டும் என்ற மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இறக்குமதிச் செலவு குறையும், கரும்பு விவசாயிக்கு வருமானம் வரும் என்ற அரசின் வாதத்தில் பொருளுண்டு. அதற்காக வாங்குபவருக்கு விவரம் சொல்லாமல் இருக்க வேண்டுமா? எத்தனால் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் அதோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். பெட்ரோல் போட்ட உடனே வண்டி திணறி நின்றால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், மெக்கானிக்கிடம் டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

புகாருக்கு முதல் இடம் பங்கிலேயே உள்ள புகார்ப் புத்தகம். அளவுக் குறைவுக்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் போகலாம், எதற்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. இழப்பீடு வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

மின் சார்ஜரிடம் ஜாடி நீட்ட முடியாது, கணக்குப் போடத்தான் முடியும். 30 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்றினால் உள்ளே போனது 18 யூனிட். வழியில் கொஞ்சம் இழப்பு உண்டு, 19, 20 என்று வந்தால் ஒத்துக்கொள்ளலாம். பில்லில் 25 இருந்தால் விளக்கம் கேளுங்கள். அதற்கு யூனிட், ஒரு யூனிட்டின் விலை, சேவைக் கட்டணம், வரி நான்கும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் காட்டும் ரசீதை ஏற்றுக்கொள்ளாமல், விவரத்தோடு கேட்டு வாங்குங்கள்.